மஞ்சள் வைத்த தட்டைத் திரை

எனக்கு ஒரு காலத்தில் ஒரே ஒரு வேலைதான் மற்றவர்களைவிட நன்றாக வந்தது. கதவைப் பார்த்துக்கொள்வது. வீட்டுக் கதவு இல்லை. கம்ப்யூட்டரில் ஆளை ஆள் சுடும் ஆட்டத்தில் வருகிற கதவு. தூரத்தில் ஒரு சுவர், சுவரில் ஓர் இடைவெளி. எதிராளி அந்த இடைவெளியைத் தாண்டி ஓடுவான். தும்மி முடிக்கிற நேரம்கூட இருக்காது. அதற்குள் சுட்டாக வேண்டும். சுடாவிட்டால் நம் கூட்டாளி செத்தாள்.

எந்நேரமும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பவளுக்கு, இன்னும் வராத ஒருவனுக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. அடுப்பை அணைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா, பிளக்கைப் பிடுங்கினேனா என்று கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் வீட்டைச் சுற்றி வருகிற ஆள் நான். அதை எல்லோரும் ஒரு குறையாகத்தான் சொன்னார்கள். என் அம்மா சொன்னாள், வாத்தியார்கள் சொன்னார்கள், கட்டிக்கொண்டவரும் சொன்னார். அந்த ஆட்டத்தில் மட்டும் அது குறையாக இருக்கவில்லை.

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பரீட்சை மண்டபத்துக்குள் போனாலே கை வேர்த்துப் பேனா வழுக்கும். வீட்டில் யாரும் ஏன் என்று பெரிதாகக் கேட்கவும் இல்லை. உலு திராம் கடைத்தெருவில் ஒரு சைபர் கபேயில் கல்லாவில் உட்கார ஆள் தேடினார்கள். கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே, நல்ல மனிதர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். அதனால் மத்தியானம்வரை கடை காலியாகக் கிடக்கும். வரிசையாகக் குண்டு குண்டாக டியூப் மானிட்டர்கள். நான் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். அப்படித்தான் பழகினேன்.

பின்னால் ஒருநாள் தவுக்கே கடை முழுக்கத் தட்டைத் திரையாக மாற்றினார். டியூப்களையெல்லாம் கடைப் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்தார். நான் ஒன்றைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர், "அம்பில் லா, ஆவாக் பூஞா" என்றார். எடுத்துக்கொள், உன்னுடையது. அந்த வயசுவரை யாரும் எனக்கு எதையும் அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததில்லை.

அந்த டியூப் என்னோடுதான் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும் வந்தது. அதே உலு திராமில் இன்னொரு தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு, அதில் நடுவரிசையில் ஒரு வீடு. பீரோ, பாத்திரங்களோடு அது லோரியிலிருந்து இறங்கியபோது, என் வீட்டுக்காரரின் பெரியம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொண்ணு வீட்ல டிவி குடுத்திருக்காங்க போல. பின்னால என்ன இம்புட்டு வயிறு?"

"டிவி இல்ல பெரியம்மா, கம்ப்யூட்டரு."

"எதுவா இருந்தா என்ன, மாசமா இருக்கற மாதிரியில்ல இருக்கு. மருமகளுக்கு முந்தி இது பெத்துரும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது வீட்டில் சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி என் நாத்தனார். என்னைவிட இளையவள், படித்தவள், ஜோகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அண்ணி, நானும் வர்றேன்" என்றாள். கூடத்தில் என் மேசைக்குப் பக்கத்திலேயே அவள் தன் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் கிடையாது. முன்னால் ஓடுவாள், குண்டு போடுவாள், கத்துவாள். நான் பின்னால் நின்று கதவைப் பார்த்துக்கொள்வேன். அவள் ஓடுவதற்கு நான் வேண்டும். எனக்கும் அவள் வேண்டும். அவள் ஓடாவிட்டால் எவனும் கதவுப் பக்கம் வரமாட்டான்.

ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் வருஷத்துக்கு ஒருமுறை போட்டி வைப்பார்கள். அதில் பெண்களுக்கென்று இரண்டிரண்டு பேராக ஆடும் பிரிவு உண்டு. முதல் வருஷம் சும்மா போய்ப் பார்க்கலாம் என்று போனோம். அங்கேயும் டியூப்தான் வைத்திருந்தார்கள். கடைசி ஆட்டம்வரை போய்த் தோற்றோம். மேடைக்கு வரச் சொல்லி என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என் பெயர் மைக்கில் கேட்டதில்லை. திரும்பி வரும்போது பாப்பா கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "அடுத்த வருஷம் விடக் கூடாது அண்ணி. நீங்க கதவு, நான் ஓட்டம். நம்மள எவளும் அசைக்க முடியாது." அந்த வருஷம் முழுக்க நான் வேலைக்குப் போனதும் சமைத்ததும் துணி மடித்ததும் அந்த அடுத்த தடவையை நினைத்துக்கொண்டுதான்.

டியூப் நல்லதா, தட்டை நல்லதா என்ற சண்டை எங்கள் வீட்டில் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. தட்டைத் திரை கெட்டது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுத்து படிக்க அதுதான் நல்லது. சுவரோடு ஒட்டி வைக்கலாம். வெயில் காலத்தில் என் டியூப் முன்னால் உட்கார்ந்தால் அடுப்பு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஓரத்தில் கோடெல்லாம் வளையும். மின்னல் வெட்டினால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், இந்த ஊரில் மின்னல் வெட்டாத நாள் எது? நெடுநேரம் ஆடினால் தலை வலிக்கும். பின்பக்கக் காற்றோட்டச் சந்தில் பல்லி முட்டையிட்டுத் தொலைக்கும். எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் டியூபில் கை அசைந்ததும் படம் அசையும். நடுவில் எதுவும் இல்லை. ஓடுகிறவன் ஓடுகிறவனாகவே தெரிவான், ஓரம் கலங்க மாட்டான். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாரும் மாத்திட்டாங்க. ஆபீஸு, பேங்கு, கிளினிக்கு, எங்க பாத்தாலும் தட்டை. உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் கண்ணா?"

"கண்ணு இல்லங்க, கைக்கும் படத்துக்கும் நடுவுல..."

"நடுவுல ஒன்னும் இல்ல லா. எல்லாம் உன் மனசு. எதுக்கெடுத்தாலும் ஒரு பயம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நான் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்மேல் பழி போடுவதாகும். விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஓர் அலுவலக ஸ்டோரில் வேலை பார்த்தார். மழையில் நனைந்து வருவார். ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ள மாட்டார். ஆனால் மற்றவர்கள் குறைப்பட்டாலும் அவருக்குக் காது கேட்காது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், வீடு கழுவுகிற வாரம். எனக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். அவருக்கு லீவு. நான் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டைத் திறக்கும்போதே டெட்டால் வாசம் வந்தது. கூடம் முழுக்கக் கழுவி, திரைச்சீலை மாற்றி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்திருந்தார். என் மேசைமேல் ஒரு பெரிய தட்டைத் திரை நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு முழம் மல்லிகை.

"எப்புடி?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் அலுவலகத்தில் பழைய திரைகளைக் கழித்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் நல்லதாக ஒன்றைக் கேட்டு வாங்கி, மழைக்கோட்டில் சுற்றி, மோட்டார் பின்னால் கட்டி, சுங்கத்தில் பிடித்துக் கேள்வி கேட்பார்களோ என்று பயந்துகொண்டே பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். எனக்காக.

"பழசு எங்கங்க?"

"பழைய சாமான் லோரி வந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன். அம்மாடி, என்னா வெயிட்டு! அந்தாளே திட்டிக்கிட்டுதான் தூக்கினான்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலதுபக்கம் கீழ் மூலையில் மஞ்சள் வைத்திருந்தார். புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பதுபோல, விரலால் தொட்டு, ஈரமாக, கண்ணாடிமேலேயே.

"இதுக்கு எதுக்குங்க மஞ்சள்?"

"தீபாவளிக்குப் புதுசு எடுத்தா மஞ்சள் வைக்காமயா? நல்லதா நாலு இருக்கட்டும்னுதான். தெரியாத எடமா பாத்து மூலையில வச்சேன்."

வேட்டியில் அது தெரியாத இடம்தான். அந்த ஆட்டத்தில் துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் என்று எண் தெரிகிற இடமும் அதே மூலைதான்.

மஞ்சள் வைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீடுகளில் வழி கிடையாது. அளவு சேராத சட்டையானாலும் போட்டுக்கொண்டு கும்பிட வேண்டும். அதுவும் தீபாவளிக்கு. "நல்லாருக்குங்க" என்றேன். அவர் போய்க் குளிக்கக் கதவைச் சாத்திய பிறகு ஈரத்துணியை எடுத்து அந்த மஞ்சளைத் துடைத்தேன். டியூப் என்றால் கெட்டிக் கண்ணாடி. வாரத்துக்கு ஒருமுறை எந்தத் துணியாலும் அழுத்தித் துடைப்பேன், பளிச்சென்று இருக்கும். இது கண்ணாடி இல்லை. ஏதோ சொரசொரப்பான ஒரு பூச்சு. மஞ்சளைக் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்க அந்த மூலை இன்னும் கலங்கியது. ஐயோ, வந்த அன்றைக்கே கெடுத்துவிட்டேனே என்று துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாப்பா வேலைவிட்டு வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அலமாக்! அண்ணி, ஒங்க ஸ்க்ரீனுக்கு மஞ்சக்காமாலை."

மஞ்சளோடுகூட ஆடிவிடலாம். தோட்டாவை மனசுக்குள் எண்ணிக்கொண்டால் போயிற்று. அதைவிட மோசமானது வேறொன்று. தீபாவளி கழிந்து நாங்கள் பழக உட்கார்ந்தபோது, ஹெட்போனில் காலடிச் சத்தம் கேட்டது. சத்தம் கேட்ட பிறகுதான் ஆள் தெரிந்தான். டிவியில் சில படங்களில் குரல் முந்தி வந்து வாய் பிந்தி அசையுமே, அந்த மாதிரி. நான் சுடும் இடத்தில் அவன் அப்போதுதான் இருந்துவிட்டுப் போயிருப்பான். ஓடும்போது அவனுக்குப் பின்னால் ஒரு நிழல் வால் மாதிரி இழுபடும். வாலைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி! கதவு!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டு இருந்தா அவன் எப்புடி வந்தான்? செத்துட்டேன், போங்க."

ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அடுத்தடுத்த நாட்களில் சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள். நான் விட்ட கதவை அவளே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

திரையில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மாதிரி ஆளுக்குத் தெரிவது வேறு, நம்புவது வேறு. ஒருவேளை நான்தானோ? முப்பது தாண்டியாயிற்று, கை தளர்ந்துவிட்டதோ? கண் டாக்டரிடம் போனேன். பார்வையில் ஒன்றும் இல்லை என்றார். சந்தோஷப்படுவதற்குப் பதில், அப்படியானால் மூளையில்தான் ஏதோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். திரையின் பட்டன்களையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். வெளிச்சம் கூடியது, குறைந்தது. சத்தத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கொட்டகைக்குப் போனேன். எங்கள் பக்கத்து லோரியெல்லாம் அங்கேதான் கொண்டுபோய் இறக்கும். தராசு பக்கத்தில் ஒரு தமிழர், நடுத்தர வயசு, கையுறை போட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தீபாவளி சமயத்துல ஒரு கம்ப்யூட்டர் டியூப் வந்திருக்கும்..."

"நெறைய வந்துச்சு தங்கச்சி. என்ன, உள்ள நகைய வச்சு மறந்துட்டியா?"

"இல்லண்ணே. அதான் வேணும்."

"அதா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் வந்த கையோட ஒடச்சிருவோம். உள்ள செம்புக்கம்பி சுத்தியிருக்கும், அதுக்குத்தான் வாங்குறதே. கண்ணாடிய எவன் வாங்குவான்?"

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். கழுத்து முறிந்த டியூப்கள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதில் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. வருஷக்கணக்காக அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்?

இப்போது ஊரில் பிள்ளைகள் அதே டியூபைத் தேடி இணையத்தில் விளம்பரம் போடுகிறார்களாம். பழைய ஆட்டங்களுக்கு அதுதான் சரியாம், தாமதமே இல்லையாம். என் வீட்டுக்காரர் போனில் பார்த்து, "இந்தக் கிறுக்கனுங்கள பாரேன்" என்று எனக்கே படித்துக் காட்டினார். நான் சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியது. ஒருநாள் சாப்பிடும்போது பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"அண்ணி, இந்த வருஷம் எல்லாமே தட்டை ஸ்க்ரீனாம். விளம்பரத்துலயே போட்டுருக்கான். ஒங்களுக்கு ஓக்கேதானே?"

"அது ஸ்க்ரீனோட கோளாறு பாப்பா. என்னோடது இல்ல."

"நான் ஒங்களோடதுன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லல. ஆனா நெனைக்கிற."

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டாள். அவள் அண்ணன்தான் பேசினார். "பழகிக்கோ. பழகினா எல்லாம் வந்துரும். ஊரே பழகிருச்சு."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறு பாப்பா," என்றேன். "யாரு கோளாறுன்னு காட்டுறேன். அதுக்கப்புறம் பேரு குடு."

என்னோடு லைனில் வேலை பார்த்த ஒரு தோழி வீட்டில் இன்னும் டியூப் இருந்தது. இரண்டு நாளைக்கு இரவல் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து கம்பெனி வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினேன். இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். சீட்டில் உட்கார வைத்து, பிரேக் போட்டால் விழாமலிருக்க என் துப்பட்டாவால் கம்பியோடு கட்டினேன்.

"யாரு தங்கச்சி, மாமியாவா?" என்றார் பஸ் டிரைவர்.

"ஆமாண்ணே."

"பரவால்ல, சத்தம் போடாம வருது. எங்க வீட்லயும் ஒன்னு இருக்கு, மாத்திக்குவோமா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஒவ்வொரு மேட்டிலும் அந்த டியூபைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தேன். இது உடைந்தால் என்ன பதில் சொல்வேன், பிளக் ஒத்துக்கொள்ளுமா, வீட்டில் போட்டவுடன் புகைந்தால்? உலு திராம் வந்து சேரும்வரை நல்லதாக ஒன்றும் நினைக்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டேன். டியூபை என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு நடுவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா லேப்டாப்பில். ஒரே வேலைதான்: அவள் கதவைத் தாண்டி ஓட வேண்டும், நான் நிறுத்த வேண்டும்.

முதல்முறை ஓடினாள். விழுந்தாள். மறுபடி ஓடினாள். விழுந்தாள். குதித்து ஓடினாள், புகைக்குண்டு போட்டு ஓடினாள், நின்று ஏமாற்றி ஓடினாள். என் கை என்னிடம் திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, வந்தால் கதவு மறைக்குமே என்று.

"வாவ் அண்ணி," என்றாள் பாப்பா. "பேய் மாதிரி சுடுறீங்க."

"இப்ப இடம் மாத்துவோம். நீ கதவு பாரு. மொதல்ல டியூபுல, அப்புறம் தட்டையில."

அவள் கதவு பார்த்துப் பழகாதவள். இருந்தாலும் டியூபில் பாதித் தடவைக்குமேல் என்னைப் பிடித்தாள். அதே கம்ப்யூட்டரில் தட்டையை மாட்டியவுடன் நான் தாண்டித் தாண்டிப் போனேன். அவள் மவுஸைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணே. ஸ்க்ரீன்தான். அண்ணி சொன்னது சரிதான். இழுக்குது."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. நான் இல்லை. என் கை இல்லை, மூளை இல்லை. என் வாழ்க்கையில் நான் பயந்ததற்கு எதிராக ஒரு சாட்சி கிடைத்தது அதுதான் முதல்முறை. அவர் சோபாவிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, ஸ்க்ரீன்தான். ஒத்துக்கிறேன். ஆனா போட்டியில என்ன ஸ்க்ரீன் வைக்கிறான்?"

அவரே பதிலும் சொன்னார்.

"தட்டைதானே? அப்ப அங்கயும் இழுக்கும். பாப்பாவுக்குப் பரவால்ல, அவ ஓடுறவ. நீ கதவு. இழுத்தா ஒனக்குத்தான் போச்சு. இப்ப நீயே காட்டிட்டியே, தட்டையில ஒன்னால முடியாதுன்னு."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட பிள்ளை மாதிரி சொன்னார். நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொல்றதும் ஒரு பாயிண்ட்தான் அண்ணி," என்றாள் மெதுவாக. "ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. மொதல்லேருந்தே தட்டையிலதான் ஆடிப் பழகினவ. இந்த ஒரு தடவ மட்டும்... அடுத்த வருஷம் நம்ம ரெண்டு பேரும் போவோம்."

ஸ்க்ரீன்தான் கோளாறு என்று நிரூபிக்க ஒரு டியூபைப் பஸ்ஸில் கட்டித் தூக்கி வந்தவள் நான். அந்த நிரூபணத்தையே எடுத்து என் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். மாட்டேன், நான்தான் போவேன் என்று கத்தியிருக்கலாம். எங்கேயாவது ஒரு நல்ல தட்டையில் ஆடிப் பார்ப்போம் என்று கேட்டிருக்கலாம். தட்டையிலும் நல்லது கெட்டது உண்டு என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. லேப்டாப்பும் தட்டைதான் என்று யாருக்கும் தோன்றவில்லை, தட்டை என்றால் எங்களுக்கு மேசைமேல் மஞ்சளோடு நின்ற அந்த ஒன்றுதான்.

"சரி பாப்பா," என்றேன்.

மறுநாள் டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே பஸ், அதே டிரைவர். "என்ன, மாமியாவ அதுக்குள்ள அனுப்புற?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டியன்று அவர்தான் பாப்பாவையும் அவள் தோழியையும் காரில் கூட்டிப்போனார். என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். துணி துவைத்தேன், காயப்போட்டேன், மழை வரும் என்று எடுத்தேன், வராததால் மறுபடி காயப்போட்டேன். அவர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால், வேண்டிக்கொண்டேன். இதைப் பாவமென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அரையிறுதிவரை போயிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றும்போதே வாசலிலிருந்து சொன்னார், "பாத்தியா? தட்டை ஸ்க்ரீனுதான். அரையிறுதி! அந்தப் பொண்ணு என்னமா கதவு பாக்குது தெரியுமா? ஸ்க்ரீன்ல ஒன்னும் இல்ல, எல்லாம் ஆளுகிட்டதான் இருக்கு."

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்டதை அவர் மறந்தே போயிருந்தார்.

நான் சமையலறைக்குப் போனேன். பாப்பா பின்னாலேயே வந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அங்க ஸ்க்ரீன் எப்புடி இருந்துச்சு?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அது வேற மாதிரி அண்ணி. தட்டைதான், ஆனா ஆட்டத்துக்குன்னே செஞ்சதாம். இழுக்கவே இல்ல. வாலும் இல்ல, ஒன்னும் இல்ல. அந்த டியூபுல ஆடுனோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி." ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்தாள். "ஒங்களால நல்லா ஆடியிருக்க முடியும் அண்ணி. மொதல் ஆட்டம் ஆரம்பிச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

ரசம் கொதித்து மேலே வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"இத ஒங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு."

"எதுக்கு அண்ணி?" என்றாள் பாப்பா. "பாவம், ஒங்களுக்குன்னு ஆசையா சிங்கப்பூர்லேருந்து மோட்டார்ல கட்டிக் கொண்டாந்தாரு. மனசு கஷ்டப்படுவாரு."

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உள்ள என்னா குசுகுசுன்னு?"

"ஒன்னும் இல்லண்ணே," என்று அவளே பதில் சொன்னாள். "சாப்பிட வாங்க."